சந்தனச் சிலுவை போட்ட டர்போ

அத்தியாயம் 7

சித்தையனின் குஜரிக் கடையில் கிடைக்காத சாமான் ஒன்றே ஒன்றுதான், உட்கார ஒரு நாற்காலி. மற்றபடி கார் கதவு, பஸ் ஸ்டியரிங், ஆட்டோ மீட்டர், எந்த ஸ்கூட்டரிலிருந்தோ பிரிந்து வந்த ஒற்றைக் கண்ணாடி என்று எல்லாமே கூரை முட்டக் குவிந்து கிடந்தன. மண்டி மொஹல்லாவில் பழைய இரும்புக் கடை எங்கே என்று கேட்டால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். குஜரி என்று கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுவார்கள்.

அந்தச் சந்தின் முனையில் ஆட்டோவை விட்டு மூன்று பேர் இறங்கினார்கள்.

முதலில் சொர்ணலதா. குள்ளம், கண்ணாடி, கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் கடலை. இருபது வருஷம் விபத்துக் கார்களைப் பார்த்து இன்சூரன்சுக்கு அறிக்கை எழுதினவள், இப்போது அதே கண்ணை வைத்துக்கொண்டு தனியாகத் துப்பறிகிறாள். அடுத்து அவளுடைய உதவியாளன் ஜோ. வயது முப்பத்தைந்து ஆகிறது, வாய்க்கு மட்டும் இன்னும் வயதே ஆகவில்லை. கடைசியாக மெட்டில்டா. ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடித்த கையோடு வந்திருந்தாள், நர்ஸ் உடுப்பின் மேல் ஒரு சால்வை போர்த்தியிருந்தாள். அவள் புருஷன் பெர்னார்ட் மூன்று வாரமாக ஜெயிலில் இருக்கிறான்.

சொர்ணலதாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்துக்குள் நுழையும் முன்பும் வாசலில் நின்று கேஸை ஒரு தடவை ஜோவின் வாயால் கேட்டுக்கொள்வாள்.

"சொல்லுடா. சுருக்கமா."

"கவின்ராஜ்னு ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. ரேஸ் கார் வச்சிருக்கார், ஆனா ஆள் பாதி நாள் ஃபாரின்ல. காரைப் பாத்துக்கறது டிரைவர் அய்யாவு. தசரா டைம்ல கார் இழுக்க மாட்டேங்குதுன்னு அய்யாவு அதைப் பெர்னார்ட் அண்ணன் ஷெட்டுக்குக் கொண்டாந்தார். அண்ணன் பாத்துட்டு, டர்போ ஜாமாகிப் போச்சுன்னு சொல்லி வேற ஒரு பழைய டர்போ போட்டுக் குடுத்தார். போன மாசம் நஞ்சன்கூடு ரோட்ல அந்த டர்போ உடைஞ்சு, ஆயில் தெறிச்சு, கார் பத்திக்கிச்சு. அய்யாவு வெளிய வர முடியலை."

மெட்டில்டா தரையைப் பார்த்தாள். ஜோ குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இப்ப கவின்ராஜ் சொல்றது என்னன்னா, என் கார்ல இருந்தது வெளிநாட்டு பால் பேரிங் டர்போ, பெர்னார்ட் அதைத் திருடிட்டு சாதா புஷ் டைப்பை மாட்டிட்டான்னு. அண்ணன் சொல்றது, நான் கழட்டினதும் சாதாதான், மாட்டினதும் சாதாதான், செத்துப் போனதைக் குஜரியில தூக்கிப் போட்டேன்னு. அந்தக் கழட்டின டர்போ புஷ் டைப்பா இருந்தா அண்ணன் வெளிய வந்துருவார். பால் பேரிங்கா இருந்தா..."

"போதும்" என்றாள் சொர்ணலதா.

"சுருக்கமா சொன்னேனா அக்கா?"

"முடிக்காம விட்டே பாரு, அந்த இடம் ஒண்ணுதான் சுருக்கம்."

சித்தையன் கொள்ளேகால்காரர். கல்லாப்பெட்டிக்குப் பதில் ஒரு லாரி பேட்டரி மேல் அமர்ந்திருந்தார்.

"வாங்கம்மிணி. என்ன வேணுங்? கார்ப்பரேட்டரா, கண்ணாடியா?"

"டர்போங்க. தசரா முடிஞ்ச கையோட பெர்னார்ட் ஷெட்லேர்ந்து வந்த லோடு."

"டர்போ கெடக்குதுங் ஒரு கூடை. எது எந்த ஷெட்டுதுன்னு யாருக்குங் தெரியும்? எனக்கு எல்லாத்துக்கும் ஒரே பேரு, ஒரே தராசு."

அவர் இழுத்து வந்த கூடையில் கை அகல நத்தைகளைப் போல ஏழெட்டு டர்போக்கள் கிடந்தன. இந்தச் சாமானைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஓடு, நடுவில் ஒரு தண்டு, தண்டின் இரு முனையிலும் சின்ன விசிறி. இஞ்சின் விடும் புகை ஒரு விசிறியைச் சுழற்றும், மறு விசிறி இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அந்தத் தண்டைத் தாங்கிப் பிடிப்பதுதான் பேரிங். புஷ் டைப் என்றால் தண்டைச் சுற்றி இரண்டு பித்தளை வளையம் மட்டும். பால் பேரிங் என்றால் குட்டிக் குண்டுகள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஒரு மனுஷன் கம்பி எண்ணிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் கருப்பா ஒரே மாதிரி இருக்கே" என்றான் ஜோ. "பேர்த் தகடு இருக்கறது ரெண்டே ரெண்டுல. மத்ததெல்லாம் எங்க ஏரியா கவுன்சிலர் மாதிரி, யாருன்னு நாமளே தேடிக் கண்டுபிடிக்கணும்."

அதுவரை பேசாமல் நின்ற மெட்டில்டா குனிந்து கூடையில் கை விட்டாள். "நான் கண்டுபிடிப்பேன் மேடம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சது நான்தான்."

ஜோ திரும்பினான். "உங்க ஷெட்ல ஆயுத பூஜையா சிஸ்டர்? எங்கப்பா பைக் சக்கரத்துல எலுமிச்சம்பழமே வைக்க விட மாட்டார்."

"பொட்டு வைக்கலைன்னா அடுத்த நாள் ஆட்டோக்காரங்க வரமாட்டாங்க ஜோ. வச்சா எங்க மாமியார் விடமாட்டாங்க. அதான் நான் நடுவுல ஒண்ணு பண்ணேன். சந்தனத்துல சிலுவை போட்டு, அதுக்கு நடுவுல குங்குமம். அன்னிக்கு ஷெட்ல இருந்த எல்லாத்துக்கும் வச்சேன். கழட்டிப் போட்ட அந்த ஒரே டர்போவுக்கும் சேத்து."

"ரெண்டு சாமிக்கும் ஒரே டோக்கன்" என்றான் ஜோ.

"ஆனா மெட்டில்டா, குஜரியில மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிடுவாங்களே" என்றாள் சொர்ணலதா.

சித்தையன் பேட்டரியிலிருந்து எழுந்தே விட்டார். "சாமி பொட்டு வச்ச சாமானை நானுங் கழுவறதில்ல அம்மிணி! அதுவா அழிஞ்சாத்தான். எங்கய்யன் காலத்துலேர்ந்து அப்பிடித்தானுங். அதுக்குன்னு தனிச் சாக்கு வச்சிருக்கறேன்."

தனிச் சாக்கு வந்தது. பெரும்பாலும் மூன்று கோடு விபூதி. ஒன்றில் மஞ்சள் தடவிய நூல். அடியில் கிடந்த கடைசி டர்போவின் வயிற்றில், காய்ந்து வெடித்த சந்தனத்தில் ஒரு சின்னச் சிலுவை இருந்தது. நடுவில் இன்னும் சிவப்பாக ஒரு புள்ளி.

மெட்டில்டா அதை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். வெள்ளை உடுப்பில் கரி ஒட்டிக்கொண்டது. அவள் கவனிக்கவில்லை.

பேர்த் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆணி மட்டும் மிச்சம் இருந்தது.

"சரி" என்றாள் சொர்ணலதா, கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துக்கொண்டே. "பேர் சொல்ல மாட்டேங்குது. வயித்தைத் தொட்டுப் பாப்போம்."

ஒரு மர ஸ்டூலின் மேல் டர்போ அமர்ந்தது. ஜோ முந்திக்கொண்டான். "எனக்குத் தெரியும் அக்கா. யூட்யூப்ல பாத்திருக்கேன். பால் பேரிங்னா ஒரு தட்டு தட்டினா பம்பரம் மாதிரி சுத்திட்டே இருக்கும். புஷ்னா சோம்பேறி, உடனே நின்னுடும்." விசிறியை விரலால் சுண்டினான். அது கால் சுற்றுக்கூடப் போகாமல் நின்றது.

"புஷ்!" ஜோ கையைத் தட்டினான். "சிஸ்டர், அண்ணனுக்குக் கறிக்கொழம்பு வைங்க. புஷ் டைப்பு!"

மெட்டில்டாவின் முகத்தில் மூன்று வாரத்தில் முதன்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் ஏறியது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே சொர்ணலதா குனிந்து விசிறியைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா மூட்டைக்குள்ள கிடந்திருக்கு ஜோ. அதுக்கு முன்னாடி அதிகமா ஓடாத கார்ல கிடந்திருக்கு. உள்ள எண்ணெய் பிசின் மாதிரி காஞ்சிருந்தா பம்பரமும் சுத்தாது. சித்தையண்ணே, நல்ல புஷ் டைப் ஒண்ணு குடுங்க. நிச்சயமா தெரிஞ்சது."

சித்தையன் தகடு இருந்த ஒன்றைக் கொண்டு வந்தார். சொர்ணலதா அதன் விசிறி நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாள். டக், டக் என்று ஆடியது.

"ஐயோ, போச்சா இது?" என்றான் ஜோ.

"இது நல்ல டர்போ. புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவுல எண்ணெய் நிக்க இடம் வேணும். எண்ணெய் இல்லாத நேரத்துல ஆடத்தான் செய்யும். இஞ்சின் ஓடறப்ப எண்ணெய் ஏறி நிமித்திடும்." பிறகு சந்தனச் சிலுவைக்காரனின் விசிறியைப் பிடித்து ஆட்டினாள். ஆடவில்லை. இன்னும் அழுத்தி ஆட்டினாள். மயிரிழைகூட அசையவில்லை.

"அதான் ஜாமாகிப் போச்சே அக்கா. பெர்னார்ட் அண்ணன் சொன்னதும் அதுதானே? ஆடவும் இல்லை, சுத்தவும் இல்லை, செத்துப் போச்சுன்னு."

சொர்ணலதா சித்தையனிடம் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டாள். "பொட்டு மேல படாம ஊத்துங்" என்று சொல்லித்தான் கொடுத்தார். தண்டின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, விசிறியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தபடி இருந்தாள். பக்கத்துக் கடையில் யாரோ தகரம் வெட்டினார்கள். மெட்டில்டா ஜபமாலையை எடுக்கவில்லை, ஆனால் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

விசிறி இளகியது. அரைச் சுற்று, ஒரு சுற்று. பிறகு சொர்ணலதா ஒரு தட்டுத் தட்டினாள். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லாமல், யாரையும் கேட்காமல் சுற்றியது.

ஜோ கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான்.

"கடைசியா ஒண்ணு" என்று சொர்ணலதா இரண்டு டர்போக்களையும் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். அடியில் பெரிய துவாரம் இருந்தது, எண்ணெய் வடிந்து வெளியேறும் வழி. செல்போன் வெளிச்சத்தை முதலில் சாதா டர்போவுக்குள் அடித்தாள். "பாரு மெட்டில்டா. நடுவுல என்ன தெரியுது?"

"கம்பி மாதிரி. ரெண்டு பக்கமும் பித்தளை வளையம்."

"அந்தக் கம்பிதான் தண்டு. வெறுந்தண்டு தெரிஞ்சா புஷ் டைப். இப்ப இதுல பாரு."

மெட்டில்டா குனிந்தாள். வெகு நேரம் நிமிரவில்லை.

"தண்டு தெரியலை மேடம். எவர்சில்வர் குழாய் மாதிரி ஒண்ணு மூடிட்டிருக்கு."

"அந்தக் குழாய்க்கு ரெண்டு முனையிலயும் குண்டு இருக்கு. பால் பேரிங். கவின்ராஜ் பொய் சொல்லலை."

சித்தையன் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே பார்த்தார். ஜோதான் முதலில் பேசினான், அதுவும் காதோடு காதாக. "அக்கா. அந்தப் பொட்டு அழிஞ்சா இது எந்த ஷெட்டு டர்போவோ. ஒரு சொட்டுத் தண்ணி போதும்."

"கேட்டுச்சு" என்றாள் மெட்டில்டா. "நான் நர்ஸ் ஜோ. பேஷண்ட் பக்கத்துல மெதுவாப் பேசறது எல்லாமே எனக்குக் கேக்கும்." சொர்ணலதாவிடம் திரும்பினாள். "அவர் திருடினாரா மேடம்? நீங்களே சொல்லுங்க. வக்கீல் மாதிரி சொல்லாதீங்க."

"இல்லை."

சட்டென்று வந்தது அந்தப் பதில்.

"திருடறவனுக்கு இது என்னன்னு தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சவன் இதைத் துணியில சுத்திப் பெங்களூர்ல வித்திருப்பான். உங்க வீட்டுக்காரர் பொண்டாட்டி பொட்டு வச்சதோட தராசுல போட்டுட்டுப் போயிருக்கார். அவருக்குப் பழக்கமெல்லாம் புஷ் டைப். ஆடினா நல்லது, ஆடலைன்னா ஜாம். கையில எடுத்து ஆட்டிப் பாத்தார், ஆடலை. இப்ப ஜோ சொன்ன அதே வார்த்தையை அன்னிக்கு அவர் சொன்னார். இது பால் பேரிங்னு கவின்ராஜ் அய்யாவுகிட்ட சொல்லி அனுப்பினாராம். அய்யாவு சொன்னாரா, மறந்தாரான்னு இனிமே யாரைக் கேக்கறது? இந்தப் பொட்டோட இதைக் கோர்ட்ல வச்சா திருட்டுக் கேஸ் நிக்காது."

"அப்ப நல்லதுதானே அக்கா!" ஜோவின் குரல் பழையபடி மேலே ஏறியது. "சிஸ்டர், கறிக்கொழம்பு திரும்ப ஆன்!"

சொர்ணலதா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"மெட்டில்டா, ஒண்ணு கேக்கறேன். வேற டர்போ மாட்டினப்ப எண்ணெய் வர்ற பைப்பை மாத்தினாரா?"

"இல்லை மேடம். நல்ல சாமானை அவர் தூக்கிப் போடவே மாட்டார். அந்தப் பைப்பு நல்லாத்தான் இருந்துச்சுன்னார். அதையே மாட்டினார். ராத்திரி சாப்பிடறப்ப சொல்லிச் சிரிச்சார்கூட, 'வெளிநாட்டுக்காரன் எவ்ளோ கஞ்சன் பாரு மெட்டி, எண்ணெய் வர்ற வழியை ஊசி ஓட்டை மாதிரி வச்சிருக்கான்'னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சொர்ணலதாவின் முகத்தில் எதையோ பார்த்துவிட்டாள்.

"என்ன மேடம்?"

"எரிஞ்ச கார்லேர்ந்து கழட்டின பைப்போட போட்டோ ஸ்டேஷன்ல பாத்தேன். அந்த ஊசி ஓட்டை அப்படியே இருந்துச்சு. எதுக்குன்னு அப்ப எனக்கும் புரியலை, இப்பத்தான் புரியுது. குண்டு இருக்கிற டர்போவுக்குச் சொட்டு எண்ணெய் போதும். அதிகமா வந்தாத்தான் அதுக்கு ஆபத்து, அதனால ஓட்டையைச் சின்னதா வச்சிருப்பாங்க. புஷ் டைப் அப்படி இல்லை. அது எண்ணெயில மிதந்துதான் ஓடும். அதுக்கு நிறைய வேணும்."

சொர்ணலதா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"அவர் மாட்டினது நல்ல டர்போதான். மாட்டின விதமும் சரிதான். தண்ணி கேட்டவனுக்கு ஸ்பூன்ல குடுத்த மாதிரி ஆயிடுச்சு, அவ்வளவுதான். ஊருக்குள்ள ஓட்டறப்பத் தாங்கிச்சு. நஞ்சன்கூடு ரோட்ல அய்யாவு காலை அழுத்தினப்ப..."

"தாங்கலை" என்றாள் மெட்டில்டா.

"தாங்கலை."

 

மெட்டில்டா ஸ்டூலின் பக்கத்தில், குவிந்து கிடந்த டயர்களில் ஒன்றின் மேல் அமர்ந்தாள். சித்தையன் தன் பேட்டரியை அவள் பக்கம் தள்ளிப் பார்த்தார், பிறகு தண்ணீர் கொண்டு வரப் போனார்.

"அய்யாவு அண்ணன் ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்லதான் சாப்பிடுவார் மேடம். சாப்பாட்டுல குறை சொல்லிட்டே மூணு தடவை வாங்கிச் சாப்பிடுவார். அவர் செத்த சேதி ஜெயில்ல வச்சுத்தான் இவருக்கு முழுசாத் தெரிஞ்சுது. குழந்தை மாதிரி அழுதார். ஆனா ராத்திரி தூங்கறார். நானே ஆச்சரியப்பட்டுக் கேட்டேன், எப்படித் தூக்கம் வருதுன்னு. 'மெட்டி, நான் பண்ணது சரியான வேலை. யார் என்ன சொன்னாலும் என் கைக்குத் தெரியும்'ங்கறார். அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள இருக்கார்."

சித்தையன் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. டம்ளரையும் பார்த்தாள், ஸ்டூலின் மேல் இருந்த டர்போவையும் பார்த்தாள்.

"இந்தப் பொட்டை அழிச்சா என்ன ஆகும் மேடம்?"

சொர்ணலதாவுக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை. வேண்டிய நேரத்தில் நன்றாகவே சொல்வாள். இன்று சொல்லவில்லை. "ஊருக்கு அவர் திருடன். திருட்டுக்கும் சேத்து உள்ள இருப்பார். ஆனா தூங்குவார்."

"அழிக்கலைன்னா?"

"திருடன் இல்லை. தெரியாம ஒரு உயிரை எடுத்தவர். தண்டனை குறையலாம். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. அவரோட கைக்கு இனிமே..."

மெட்டில்டா விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்தாள். ஈர விரல் டர்போவின் வயிற்றுக்கு மேலே வந்தது. சிலுவையின் ஒரு கைக்கு மயிரிழை தூரத்தில் நின்றது. ஒரு சொட்டு, நகத்தின் நுனியில் திரண்டு, விழலாமா என்று யோசித்தது.

அவள் விரலைத் தன் உடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு சால்வையைக் கழற்றி டர்போவின் மேல் போர்த்தினாள். சந்தனம் உரசி உதிர்ந்துவிடாமல், சுற்றி, மடித்து, முனையைச் செருகினாள். பழகின கை, சீக்கிரமே வேலை முடிந்தது.

"வக்கீல் சொல்லி அவர் கேக்க வேண்டாம் மேடம். நாளைக்குக் காலையில பாக்கப் போறேன் இல்லையா, நானே சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

"நீங்க திருடலைன்னு நிரூபிச்சாச்சுன்னு."

"அதுவரைக்கும் சொல்லிட்டு நிறுத்திடுங்க சிஸ்டர்" என்றான் ஜோ. "பைப்பைப் பத்தி எதுவும் பேசாதீங்க. கோர்ட்ல வர்றப்ப வரட்டும்."

மெட்டில்டா மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்தாள்.

"எப்படி நிரூபிச்சீங்கன்னு கேப்பார் ஜோ. பால் பேரிங்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்த ஊசி ஓட்டை அவருக்கே ஞாபகம் வந்துடும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதே இல்லை." அவள் சந்து முனையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். "அவர் நல்ல மெக்கானிக்."